இருபது மீட்டருக்கு ஓட்டு எடுத்த கதை

சங்க அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, 'உங்கள் சாதனைகளைச் சொல்லுங்கள் சார்' என்று கேட்டீர்கள். சாதனை என்று சொன்னால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். டீ வருவதற்குள் நான் எழுந்து போக வேண்டியதுதான். அதனால் நான் செய்த ஒரு பெரிய தப்பைச் சொல்கிறேன். அதைச் சொல்ல மத்தியானம் வரை ஆகும்.

நில அளவைக் கருவி செய்வோர் சங்கம் என்றால் வெளியே யாருக்கும் புரியாது. என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாமனார் மூன்று தடவை விளக்கம் கேட்டுவிட்டு, 'எப்படியோ, மாசம் பொறந்தா சம்பளம் வருமோல்லியோ' என்று விட்டுவிட்டார். உங்களுக்கும் இதே கேள்வி வரும். நான் சொல்லும் பதில் இது. தொழில் செய்பவன் ஒவ்வொருவனும் தன் சரக்கு சரி என்றுதான் சொல்வான். வாங்குகிறவன் நம்பமாட்டான். நடுவில் நின்று, 'ஆமாம், சரிதான், நாங்கள் பார்த்தோம்' என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சங்கம். பார்த்தோம் என்று சொன்னால் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியில்தான் நான் கோட்டைவிட்டேன்.

அறுபதுகள். அடிக்கணக்கு போய் மீட்டர்க்கணக்கு வந்துகொண்டிருந்த சமயம். நிலத்தை அளக்கும் இரும்புச் சங்கிலி தெரியுமல்லவா, கண்ணி கண்ணியாகக் கோத்து இரண்டு முனையிலும் பித்தளைக் கைப்பிடி வைத்தது? அதையும் இனி இருபது மீட்டரில் செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. அடிக்கணக்கில் எங்கள் உறுப்பினர்களுக்குக் கண் பார்த்தாலே கை சொல்லிவிடும். மீட்டர் என்றதும் எல்லோருக்கும் உள்ளுக்குள் உதறல். ஆனால் ஒருவரும் அதை வெளியே காட்டவில்லை.

அப்போது சங்கத்தில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் நம்மவர்கள், மீதி குஜராத்தியும் மராத்தியும். அதில் சங்கிலி செய்தவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்கள் முக்காலி ஸ்டாண்டு, அளவுக் கம்பு, லெவல் கருவி என்று ஆளுக்கொன்று செய்தார்கள். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை எங்கள் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், நான். எனக்கு இருபத்து மூன்று வயது. செயலாளர் என்று பெயர். டைப் அடிக்கத் தெரியும் என்பதுதான் தகுதி.

அறைக்கு வெளியே வாசலிலிருந்து கொல்லைக் குழாயடி வரை நீளமான நடை ஒன்று உண்டு. அந்த நடைதான் எங்கள் சொத்து. சர்க்கார் அளவுநாடாவுடன் ஓர் அதிகாரி வந்து, வாசல் பக்கம் ஒரு கல், குழாயடிப் பக்கம் ஒரு கல் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைக் குமிழ் அடித்துக் கொடுத்தார். குமிழுக்குக் குமிழ் சரியாக இருபது மீட்டர். உறுப்பினர்கள் தங்கள் சங்கிலிகளைக் கொண்டுவந்து அங்கே விரித்து இழுத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் நான் கைப்பிடியில் ஈய முத்திரை குத்துவேன். அந்த முத்திரை இருந்தால் சர்க்கார் துறைகள் மறுபடி அளந்து பார்க்காமலே வாங்கிக்கொள்ளும். முத்திரை இல்லாத சங்கிலியைத் திரும்பியும் பார்க்காது.

கல் பதித்த அன்று தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம். எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள். எங்கள் தலைவருக்கு மட்டும் ஒரு குறை. அவர் மாட்டுங்கா வாசி, செம்பூரில் ஃபாக்டரி, சங்கிலி செய்பவர்களில் அவர்தான் பெரியவர். 'குமிழ் போயும் போயும் சாக்கடை ஓரத்தை ஒட்டிண்டு வந்துடுத்தே' என்று மூக்கைச் சுருக்கினார். உண்மைதான். குழாயடிக் குமிழுக்கும் சாக்கடைக் கரைக்கும் இடையில் ஒரு தீக்குச்சி கூட நுழையாது.

அன்றைக்கு கேசரியைத் தொடாமல் வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். தாராவியில் பட்டறை வைத்திருந்த பிச்சையா அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எட்டுப் பேர் அவரிடம் வேலை செய்தார்கள், எல்லோரும் அவர் ஊர்க்காரர்கள், பட்டறைப் பரணிலேயே படுக்கை. அவர் தன் சங்கிலியைக் குமிழ்களுக்கு நடுவே விரித்து, இழுத்து, ஒரு வளையத்தை லேசாகத் தட்டி, மறுபடி இழுத்துப் பார்த்தார். திருப்தியானதும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, 'வாரேன்' என்று போய்விட்டார்.

இனி என் தப்பு. அடுத்த மழைக்காலத்தில் நடையில் தண்ணீர் ஏறித் தரை பெயர்ந்துவிட்டது. கட்டடக்காரர் புதிதாகக் கறுப்பு வெள்ளை டைல்ஸ் போட ஆள் வைத்தார். ஒரு நாள் நான் ஆண்டுவிழா அழைப்பிதழில் யார் பெயரை முதலில் போடுவது என்ற மகத்தான பிரச்சினையில் மூழ்கியிருந்தேன். கொத்தனார் கதவருகில் வந்து நின்றார்.

"சாப், யே பித்தள் கா பட்டன் லைன் மே நஹீ ஆத்தா. தோடா சர்க்கா தூ?"

பித்தளைப் பொத்தான் டைல்ஸ் வரிசையில் சேரவில்லை, கொஞ்சம் நகர்த்தட்டுமா என்று கேட்கிறார். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "சலேகா, சலேகா" என்றேன்.

'பரவாயில்லை, ஓடும்' என்று இந்த ஊரில் நூறு விஷயத்துக்கு நாம் சொல்வதுதானே. டாக்ஸிக்காரருக்கு, காய்கறிக்காரருக்கு, தையற்காரருக்கு எல்லாம் சலேகா. அவருக்கும் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷமே மறந்தேன். தரை ரொம்ப அழகாக வந்தது. தலைவரே பாராட்டினார்.

சில மாதம் கழித்து ஒரு சர்க்கார் துறையிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. கால்வாய் வெட்ட நிலம் எடுப்பதற்காக அளக்கப் போகிறார்களாம். ஐந்து பேருக்கும் பங்கு. ஒவ்வொருவரும் தனித்தனி நாளில் சங்கிலி கொண்டுவந்தார்கள். முதல் தடவை கொண்டுவந்தபோது எல்லோர் முகத்திலும் ஒரு மாதிரியான கலவரம் தெரிந்தது. சட்டென்று சுருட்டிக்கொண்டு போய், மறுநாள் கொண்டுவந்தார்கள். அப்போது சரியாக இருந்தது. முத்திரை குத்தினேன். அந்தக் கலவரம் ஏன் என்று நான் கேட்கவில்லை. அழைப்பிதழ் விவகாரமே இன்னும் ஓயவில்லை.

பிச்சையா அண்ணாச்சி சங்கிலி மட்டும் ஒரு கட்டைவிரல் அகலம் நீளமாக வந்தது. திருப்பி அனுப்பி, 'தங்கள் சங்கிலி நீளமாக உள்ளது, திருத்தி அனுப்பவும்' என்று கடிதம் அடித்தேன். அவர் ஒரு கார்டு போட்டார். அதில் இரண்டே வார்த்தை: 'கல்லைப் பாருங்கள்.' சங்கிலியைத் திருத்தாமலே மறுபடி அனுப்பினார். மறுபடி கடிதம் அடித்தேன். மறுபடி அதே கார்டு. மூன்றாவது தடவையும் அப்படியே. முக்காலி செய்யும் உறுப்பினர் ஒருவர் கார்டை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, அது ஏதோ பக்தி விஷயம் என்று அபிப்பிராயம் சொன்னார்.

விஷயம் கமிட்டிக்குப் போனது. பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள், அன்று மெதுவடை. அண்ணாச்சி சுவரோரம் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஓய், நாலு பேருக்குச் சரியா இருக்கறது உமக்கு மட்டும் எப்படித் தப்பாப் போகும்? உம்ம ஒருத்தருக்காகக் கல்லை மாத்திண்டு இருக்க முடியுமா?" என்றார் தலைவர்.

"மாத்தச் சொல்லல தலைவரய்யா. பாக்கச் சொல்லுதேன்."

"பாத்தாச்சே! கல்லு இருக்கு, குமிழ் இருக்கு, பளபளன்னு இருக்கு. இன்னும் என்னத்தைப் பாக்கறது?"

"எஞ்சங்கிலி சரியாத்தான் இருக்கு. நான் ஒரு வளையத்தையும் தட்ட மாட்டேன். இதக் கொண்டுபோயி எவன் வயலயோ அளப்பான்வே. நான் தட்டுனா அவனுக்குல்லா கணக்கு தப்பாப் போவும்."

பேச்சு வளர்ந்தது. நாலு மொழியில் வளர்ந்தது. கடைசியில் வடை ஆறிக்கொண்டிருப்பதைக் கவனித்த யாரோ, ஓட்டுக்கு விடலாம் என்றார்கள். தீர்மானத்தை நான்தான் எழுதினேன். இன்றைக்கும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. 'இருபது மீட்டர் என்பது சங்கத்தின் இரு பித்தளைக் குமிழ்களுக்கு இடையிலுள்ள தூரமே என்று இக்கமிட்டி தீர்மானிக்கிறது.' பத்து நாளைக்குள் பிச்சையா தம் சங்கிலிகளைத் திருத்தாவிட்டால் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார் என்றும் சேர்த்தோம். பதினொரு கைகள் உயர்ந்தன. முக்காலிக்காரர் கையில் வடையும் சேர்ந்து உயர்ந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் அண்ணாச்சி ஒருவர் கை தூக்கினார். அந்தக் கமிட்டியில் ஒருவருக்காவது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒரு நீளத்துக்கு ஓட்டு எடுக்கிறோமே என்று சிரிப்பு வரவில்லை.

அவரை நீக்கினால் முத்திரை கிடையாது. முத்திரை இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லாவிட்டால் பரணில் படுத்திருக்கும் எட்டுப் பேரும் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் வடை சாப்பிட்டோம்.

கடிதத்தைத் தபாலில் போடாமல் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார் தலைவர். பத்தாவது நாளுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம்தான் எனக்குத் தைரியம் வந்தது. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போனேன்.

அண்ணாச்சி கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். "நல்லா டைப் அடிச்சிருக்கீரு. ஒரு தப்பு இல்ல" என்றார். அவர் கிண்டல் செய்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு, ஒரு சங்கிலியைத் தூக்கிக்கொண்டு என்னைச் சந்துக்கு அழைத்துப் போனார்.

பட்டறை வாசல்படியில் ஓர் ஆணி. சந்தின் அடுத்த கோடியில், முனிசிபாலிட்டிக் குழாய் மேடையில் இன்னோர் ஆணி. நடுவில் ஏழு வீட்டு வாசல்.

"ஏ, சங்கிலி வருது, காலெடுங்கட்டீ!" என்று ஒரு அம்மாள் குரல் கொடுத்தார். வாசல்களில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டும் தலை வாரிக்கொண்டும் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கிக்கொண்டார்கள். சங்கிலி அடியில் போனது. தினமும் நடப்பதுதான் போலிருக்கிறது. "அந்த ஆணில எங்க வீட்டுக்காரரு ஒருநா கயிறு கட்டித் துணி காயப்போட்டாரு சார். அண்ணாச்சி மூணு நா பேசல" என்று அந்த அம்மாள் எனக்குத் தகவல் சொன்னார்.

சங்கிலி இரண்டு ஆணிக்கும் கச்சிதமாக நின்றது.

"உங்க கல்லு பதிச்ச அன்னைக்கு அதுல அளந்த சங்கிலிய வச்சு, அன்னைக்கு சாயந்தரமே அடிச்ச ஆணி இது" என்றார் அண்ணாச்சி. "உங்க கல்லு அன்னைக்குச் சொன்னதத்தான் இது இன்னைக்கும் சொல்லுது. கல்லுதான் சொல்ல மாத்திட்டு. நடுவுல எவனும் அதுல கைய வச்சானா தம்பி?"

 கொத்தனார் முகம், டைல்ஸ், என் 'சலேகா' எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. "விசாரிக்கிறேன் அண்ணாச்சி" என்றேன். சொல்லிவிட்டு, அவர் கையெழுத்துப் போட்ட நகலை மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பயந்து ஓடும்போதும் எனக்கு ஆபீஸ் ஒழுங்கு குறையவில்லை.

நேரே ஆபீஸ் நடையின் கொல்லைப் பக்கம் போய்க் குனிந்தேன். டைல்ஸ் வரிசை குமிழின் நட்டநடுவில் அழகாக ஓடியது. தீக்குச்சி நுழையாத இடத்தில் என் கட்டைவிரல் தாராளமாகப் படுத்தது. நூற்றுக்கணக்கான சங்கிலிகள் முத்திரையுடன் மூட்டை கட்டித் தயார். செவ்வாய்க்கிழமை லாரி வருகிறது. துறைக்காரர்கள் முத்திரையை நம்புகிறவர்கள், அளக்கமாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் வெளியே தெரிய வழியே இல்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் உண்மையைச் சொல்வது பெரிய காரியமில்லை. எனக்கு அந்த வசதிகூட இல்லை.

 வேலை போய்விடும் என்று நிச்சயமாக நம்பினேன். அப்பா ரிட்டையர் ஆகியிருந்தார், தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இதையெல்லாம் நினைத்தேன். ஏழு வாசலில் காலைத் தூக்கிக்கொண்டவர்களையும் நினைத்தேன். அவர்கள் அந்த ஆணிக்குக் கொடுத்த மரியாதையில் பாதியை நான் என் கல்லுக்குக் கொடுக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைவர் வீட்டுக்குப் போனேன். பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன். பேப்பரை நாலாக மடித்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அண்ணாச்சிக்கு சந்தேகம். எனக்கு நிச்சயம் சார்."

"அந்தக் கொத்தனாருக்கு?"

"அவருக்கு லைன் நன்னா வந்துடுத்துன்னு சந்தோஷம்."

"தீர்மானம் வேற போட்டுத் தொலைச்சுட்டோமே. மினிட்ஸ்ல ஏத்தியாச்சா?"

"அன்னிக்கே ஏத்திட்டேன்."

"எதுல எல்லாம் உனக்குச் சுறுசுறுப்பு வர்றது பாரு!" என்றார்.  "சொல்லாம விட்டா என்னடா ஆகும்?"

"குட்டைச் சங்கிலியால அளந்தா நிலம் கணக்குல கூடக் காட்டும் சார். யாரோட நிலமோ. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்னு நமக்குத் தெரியாது."  மீதியையும் சொன்னேன். "நீங்க சொல்லலேன்னா நானே துறைக்கு எழுதிடுவேன் சார்."

கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"மொத தடவை என் சங்கிலியும் நீளமாத்தாண்டா வந்தது. மீட்டர் கணக்குல நம்ம ஃபாக்டரி ஆள்தான் சொதப்பிட்டான்னு நெனச்சேன். ஃபோர்மேனைக் கூப்பிட்டு, யார்கிட்டயும் மூச்சு விடாதே, வளையத்தையெல்லாம் தட்டிச் சின்னதாக்குன்னுட்டேன்."

திங்கட்கிழமை அவசரக் கூட்டம். தலைவர் முதலில் தன் கதையைச் சொன்னார்.  பிறகு மற்ற மூன்று சங்கிலிக்காரர்களும் ஒவ்வொருவராகத் தொண்டையைக் கனைத்தார்கள். எல்லோருக்கும் அதே கதைதான். எல்லோர் சங்கிலியும் நீளமாக வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தன் பட்டறையில்தான் கோளாறு என்று வெட்கப்பட்டு, அடுத்தவருக்குத் தெரியாமல் வளையத்தைத் தட்டியிருக்கிறார்கள். பிறகு கூட்டத்துக்கு வந்து, தட்டமாட்டேன் என்றவருக்கு எதிராகக் கை தூக்கியிருக்கிறார்கள். ஒருவர் ஒரே ஒரு தடவை, 'எனக்கும் நீளமா வருதே' என்று வாய் திறந்திருந்தால் போதும்.

அன்றே துறைக்குக் கடிதம் போனது. கல் இடம் மாறிவிட்டது, முத்திரைகளைத் திரும்பப் பெறுகிறோம், அவகாசம் வேண்டும் என்று. துறை அதிகாரி தலைவரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆனால் ஒரு வாரம் கொடுத்தார். கல்லைத் திரும்பப் பதிக்கத் தன் ஆளையும் அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் அவருடைய ஆள் வருவதற்கு ஐந்து நாள் ஆகுமாம். அதுவரை காத்திருந்தால் சங்கிலிகளைத் திருத்த நேரம் போதாது. உடனே கைக்கு எட்டுகிற சரியான இருபது மீட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எனவே சங்கத்தின் பதினொரு உறுப்பினர்களும் நானும், சிலர் கோட்டு டையோடு, சங்கிலி மூட்டைகளைச் சுமந்துகொண்டு தாராவிக்கு நடந்தோம். நாங்கள் சந்தில் நுழைந்ததுதான் தாமதம், கூச்சல் கிளம்பிவிட்டது. கோட்டுப் போட்ட ஆட்கள் அளவுச் சங்கிலியோடு வந்தால் அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டை இடிக்க வந்திருக்கிறார்கள். ஏழு வாசலிலிருந்தும் துடைப்பம், குடம், முறம் என்று கிடைத்ததோடு வெளியே வந்துவிட்டார்கள். முக்காலிக்காரர் என் பின்னால் ஒளிந்துகொண்டார். அன்று என்னோடு அரிசி புடைத்துக்கொண்டே பேசிய அதே அம்மாள், அதே முறத்தை ஓங்கிக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சி பட்டறையிலிருந்து ஓடிவந்தார். "அடிச்சிராதிய! முனிசிபாலிட்டி இல்ல, நம்ம சங்கத்து ஆளுவதான்!"

"சங்கத்து ஆளுவ எதுக்கு இங்க வாராவ?"

"ஆணியப் பாக்க வந்துருக்காவ."

அந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இம்புட்டுப் பேரா? ஒத்த ஆணிக்கா?" என்று முறத்தைத் தாழ்த்தினார்.

அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது ஆணி குழாய் மேடையில் அல்லவா இருக்கிறது? தலைவர் சங்கிலியின் கைப்பிடியோடு முன்னால் போனார். அண்ணாச்சி தடுத்தார். "தலைவரய்யா, பொம்பளைய மொதல்ல தண்ணி பிடிக்கட்டும். அவிய முடிச்சதும் அளப்போம்." செம்பூர் ஃபாக்டரி முதலாளி இரண்டு மணி நேரம் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, குடங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அண்ணாச்சி அவருக்கு மரியாதையாக ஒரு ஸ்டூல் கொடுத்தார், அவ்வளவுதான். மூன்று நாள் அந்தச் சந்தில் வேலை நடந்தது. அண்ணாச்சியின் எட்டு ஆட்களும்தான் எல்லோருடைய வளையங்களையும் திருத்திக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் துறை ஆள் வந்து கல்லைப் பதித்து, எங்கள் சங்கிலிகளை இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பாக இல்லை.

அடுத்த கமிட்டியில் என் ராஜினாமாவை வைத்தேன். தலைவர் படித்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார். பாதிக்கப்பட்டவர் அவர்தானே.

"இவரு போனா அந்தக் கல்லுக்கு யாரு காவல்?" என்றார் அண்ணாச்சி. "இனிமே இந்த மனுசன் உசுரு உள்ளமட்டும் ஒரு கொத்தனாரயும் கிட்ட அண்ட விடமாட்டாரு. வேற ஆளு போட்டியன்னா அவன் மொதல்லருந்து படிக்கணும்."

கடிதம் கிழிக்கப்பட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ள மினிட்ஸ் புத்தகத்தில் குனிந்து அடுத்த தீர்மானத்தை வாசித்தேன். 'முந்தைய தீர்மானத்தை ரத்து செய்து, இருபது மீட்டரை அதன் பழைய நீளத்துக்கே இக்கமிட்டி மீட்டளிக்கிறது. திரு. பிச்சையா சொன்னதே சரி என்றும் பதிவு செய்கிறது.'

ஆதரிப்பவர்கள் என்றார் தலைவர். பதினொரு கைகள் உற்சாகமாக உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் என்று வழக்கத்துக்காகக் கேட்டுவைத்தார். சுவரோரத்தில் ஒரு கை உயர்ந்தது.

"என்ன ஓய் இது! தீர்மானமே உம்ம பக்கந்தானேய்யா!"

"எம்பக்கமாவது, ஒம்பக்கமாவது" என்றார் அண்ணாச்சி. "நீளத்துக்கு எதுக்குவே ஓட்டு? அன்னைக்கும் அதுக்குத்தான் கை தூக்குனேன்."

அந்த மினிட்ஸ் புத்தகம் இன்னும் உங்கள் பீரோவில், கீழ்த்தட்டில் இருக்கிறது. அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு தீர்மானமும் என் கையெழுத்தில் இருக்கும். இரண்டிலும் ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு ஒன்று, எதிர்த்தவர் பிச்சையா. எனக்குப் பிறகு செயலாளராக வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் 'தகராறு பேர்வழி' என்று குறித்திருக்கிறார். ரப்பர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது?